கடல் வண்ணமீன் வளர்ப்பு: புதிய மீன்களைத் தனிமைப்படுத்தும் முறை

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துக் கோமாளி மீன், டாம்செல் போன்ற வண்ணமீன்களை வளர்ப்போர், வாங்கி வந்த மீனை அன்றே பழைய தொட்டியில் விடக் கூடாது. அதனுடன் நோய் வந்தால் சில நாட்களிலேயே தொட்டி முழுவதும் காலியாகலாம். எனவே புதிய மீன்களை 28 நாட்கள் தனித்தொட்டியில் வைத்துக் கண்காணிக்க வேண்டும்.

காரணம்

வெண்புள்ளி நோயை உண்டாக்கும் கிரிப்டோகேரியான் ஒட்டுண்ணி, மீனின் தோலிலும் செவுளிலும் 3 முதல் 7 நாட்கள் தங்கும். பிறகு உதிர்ந்து, தொட்டியின் அடியில் கூடாக ஒட்டிப் பெருகி, மீண்டும் மீனைத் தாக்கும். புள்ளிகள் மறைந்ததும் நோய் குணமாகிவிட்டது என எண்ணக் கூடாது. செவுளில் மட்டும் இருந்தால் புள்ளியே தெரியாது.

தனித்தொட்டி அமைப்பு

* சிறிய மீன்களுக்கு 60 முதல் 100 லிட்டர் தொட்டி போதும். மணல், பவளக்கல் வேண்டாம்.
* ஒளிந்துகொள்ள பி.வி.சி. குழாய்த் துண்டுகள் இடவும்.
* நோயற்ற தொட்டியில் சில வாரங்கள் ஓடிய ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பொருத்தவும்.
* உப்பின் அளவு லிட்டருக்கு 30 முதல் 35 கிராம் இருக்கலாம்.
* வலை, வாளி, குழாய் அனைத்தும் தனியாக இருக்கட்டும்.

கண்காணிப்பு

மீன் வந்த பையின் நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. அம்மோனியாவைத் தினமும் சோதித்து, தென்பட்டால் கால் பங்கு நீரை மாற்றவும். தீவனம் எடுக்காமை, வேகமாக மூச்சுவிடுதல், உடலை உரசுதல், தோலில் சளி படர்தல் ஆகியவை நோயின் அறிகுறிகள். நோய் தெரிந்தாலோ, இடையில் வேறு மீன் சேர்த்தாலோ 28 நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வெண்புள்ளி கண்டால்

மருந்தில்லாத எளிய வழி, தொட்டி மாற்றுதல். 3 நாட்களுக்கு ஒருமுறை, 72 மணி நேரம் கடக்கும் முன், மீனை மட்டும் புதிய நீருள்ள வேறு தொட்டிக்கு மாற்றவும். இதை 4 முறை செய்தால் 12 நாட்களில் ஒட்டுண்ணியின் சுழற்சி அறுபடும். ஃபில்டரை உடன் கொண்டுசெல்லக் கூடாது. ஏர் பம்பு போதும். காலியான தொட்டியையும் பொருட்களையும் கழுவி, வெயிலில் நன்கு உலர்த்திய பிறகே மீண்டும் பயன்படுத்தவும்.

தாமிர மருந்து பவளம், கடல் சாமந்தி, இறால்களைக் கொன்றுவிடும். அதைப் பிரதான தொட்டியில் இடவே கூடாது.

நோய் ஏற்கெனவே பிரதான தொட்டியில் புகுந்திருந்தால், எல்லா மீன்களையும் வெளியேற்றி, 11 வாரங்கள் மீனின்றி விடவும்.

எந்த மருந்தும் இடும் முன் மீன்வளத் துறை அலுவலரிடமோ, வேளாண் அறிவியல் நிலையத்திலோ அளவைக் கேட்டு உறுதி செய்துகொள்ளவும்.