துளிக்கு ஒரு மின்னல்

பால் துளி விழுந்த இடத்தில் கிரீடம் எழும் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. விளம்பரத்தில் வந்திருக்கும், நாட்காட்டியில் தொங்கியிருக்கும். கேமரா வாங்கிய பலர் அதை வீட்டிலேயே எடுத்துப் பார்த்தும் இருப்பார்கள். ஒரு தட்டு நிறையத் தண்ணீர், மேலே சொட்டும் ஏதோ ஒன்று, பக்கத்தில் ஒரு பிளாஷ், இருட்டிய அறை. இதற்கு வேகமான ஷட்டர் வேண்டும் என்று நினைக்கிறோம். உண்மையில் ஷட்டர் சாவகாசமாகத் திறந்து கிடக்கலாம். இருட்டில் பதிய எதுவும் இல்லை. நொடியின் இருபதாயிரத்தில் ஒரு பங்கு நேரம் எரிந்து அணையும் வெளிச்சம்தான் படத்தை எடுக்கிறது. அந்த வெளிச்சத்தின் கதை, கேமரா பிறப்பதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்குகிறது. அதுவும் தண்ணீரில்தான் தொடங்குகிறது.

1740களில் ஐரோப்பாவில் மின்சாரத்தை ஒரு திரவம் என்றே பலர் நம்பினார்கள். திரவம் என்றால் பாத்திரத்தில் பிடித்து வைக்கலாம் அல்லவா? 1745இல் பொமரேனியாவில் எவால்ட் கிளைஸ்ட் என்ற பாதிரியாரும், சில மாதங்களில் ஹாலந்தின் லைடன் நகரில் பீட்டர் வான் முஷன்புரூக் என்ற பேராசிரியரும், ஒருவரையொருவர் அறியாமலேயே கண்ணாடி ஜாடிக்குள் மின்சாரத்தைச் சேர்க்க முயன்றார்கள். ஒரு கையில் தண்ணீர் நிரப்பிய ஜாடி, மறு கை உள்ளே இறங்கும் கம்பியில். விழுந்தது அடி! பிரான்ஸ் நாட்டையே கொடுத்தாலும் இனித் தொடமாட்டேன் என்று முஷன்புரூக் கடிதம் எழுதினார். ஆனால் அதே பிரான்சில் நொல்லே என்ற அறிஞர் மன்னர் பதினைந்தாம் லூயியின் முன்னிலையில் 180 காவலர்களைக் கைகோக்கச் சொல்லி, ஜாடியின் மின்சாரத்தைப் பாய்ச்சி, அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் துள்ளவைத்தார். லைடன் ஜாடி ஊர் ஊராகப் பரவியது அறிவியல் கருவியாக மட்டுமல்ல, வேடிக்கைப் பொருளாகவும்தான். அது கக்கும் பொறி எவ்வளவு குறுகிய நேரமே நீடிக்கிறது என்பதை யோசித்துப் பார்க்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

யோசித்தவர்களில் ஒருவர் ஹென்றி பாக்ஸ் டால்பட், காகிதத்தில் புகைப்படம் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்த ஆங்கிலேயர். 1851இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ‘தி டைம்ஸ்’ நாளிதழின் தாளைச் சக்கரமொன்றில் ஒட்டி வேகமாகச் சுழற்றினார். இருட்டறையில் லைடன் ஜாடிகளின் பொறி ஒருமுறை வெட்டியது. சுழன்றுகொண்டிருந்த தாளின் எழுத்துகள் படத்தில் படிக்கும்படி நின்றன. இன்று வீட்டில் துளி படம் எடுப்பவர் செய்வது அப்படியே இதுதான். இருட்டு, திறந்த லென்ஸ், ஒரே ஒரு பொறி.

துளியை இந்தக் கதைக்குள் கொண்டுவந்தது ஒரு பள்ளிக்கூடம். 1870களின் நடுவில் இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் புகை படியவைத்த கண்ணாடித் துண்டுகளில் மைத்துளிகள் தவறிச் சிந்தின. அவை விட்டுச்சென்ற தடங்கள் விசித்திரமான ஒழுங்குள்ள கோலங்களாக இருந்ததை ஒரு மாணவர் கவனித்தார். அந்தத் தடங்கள் ஆர்தர் வொர்திங்டன் என்ற இளம் இயற்பியலாளரைப் பிடித்துக்கொண்டன. மிச்சமிருந்த வாழ்நாளில் பெரும்பகுதியை அவர் தெறிப்புகளுக்கே கொடுத்தார்.

அவருடைய ஏற்பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும். மின்காந்தம் ஒன்று துளியையும் ஒரு சிறு உருண்டையையும் ஒரே கணத்தில் விடுவிக்கும். உருண்டை கீழே போய்ச் சேரும்போது லைடன் ஜாடியின் பொறி வெட்டும். உருண்டை விழும் உயரத்தைச் சற்று மாற்றினால் பொறியும் சற்று முந்தும் அல்லது பிந்தும். இருட்டில் காத்திருக்கும் கண்ணில் ஒரு கணம் தெறிப்பின் உருவம் தங்கும். மறையும் முன் அதை மனதில் வாங்கி, பென்சிலால் வரைந்துவிட வேண்டும். ஒரு துளிக்கு ஒரு பொறி, ஒரே ஓவியம். அடுத்த நிலையைக் காண அடுத்த துளி. தெறிப்பின் வளர்ச்சி என்று அவர் அடுக்கிக் காட்டிய வரிசை, வெவ்வேறு துளிகளின் வாழ்விலிருந்து ஒவ்வொரு கணமாகப் பொறுக்கிக் கோத்தது.

ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இப்படி வரைந்தார். படங்கள் அத்தனை அழகு. கிரீடத்தின் முனைகள் சம இடைவெளியில் நின்றன, மணிகள் ஒரே அளவில் உருண்டன. பிறகு, மங்கிய ஒளியையும் பதியக்கூடிய புகைப்படத் தகடுகள் வந்தன. 1894இல், டால்பட் நாளிதழைச் சுழற்றிய அதே ராயல் இன்ஸ்டிடியூஷனில், வொர்திங்டன் தெறிப்பின் புகைப்படங்களைக் காட்டினார். அவற்றில் கிரீடம் கோணலாக இருந்தது. ஒரு முனை நீண்டு, ஒன்று வளர்ச்சி குன்றி, ஒரு பக்கம் சுவரே தாழ்ந்து! பழைய குறிப்புகளைப் புரட்டினால் கோணலான தெறிப்புகளை அவர் முன்பும் கண்டிருக்கிறார், வரைந்தும் இருக்கிறார். ஆனால் அவை தற்செயல் பிழைகள், உண்மையான தெறிப்பு ஒழுங்கானதுதான் என்று நம்பி ஒதுக்கியிருக்கிறார். இதை அவரே ஒப்புக்கொண்டு எழுதினார். 1908இல் வந்த அவருடைய நூலில் கோணல் படங்கள் மறைக்கப்படாமல் இடம்பெற்றன. அறிவியல் வரலாற்றாசிரியர்கள் அவரை இன்றும் பேசுவது இந்த நேர்மைக்காகத்தான். துளி விழுந்த குழியின் நடுவிலிருந்து மேலெழும் நீர்த்தூண் ‘வொர்திங்டன் தாரை’ என்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

அடுத்த தாவல் அமெரிக்காவுக்கு. 1920களின் கடைசியில் எம்.ஐ.டி.யில் ஹெரால்டு எட்ஜர்ட்டன் என்ற நெப்ராஸ்கா இளைஞர் மின்மோட்டார்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். சீரான இடைவெளியில் வெட்டும் ஒளியில், சுழலும் மோட்டார் நின்றுவிட்டதுபோல் தெரிந்தது. அதை வைத்து வாயு நிரப்பிய குழாய் விளக்கு ஒன்றை உருவாக்கினார். மோட்டாரைத் தவிர வேறு எதைப் பார்க்கலாம் என்று தேடியபோது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது ஆய்வுக்கூடத்துத் தண்ணீர்க் குழாய். நீர் வந்தது, பிறகு பால் வந்தது. 1930களில் தொடங்கிய பால் துளி வேட்டை, 1957இல் சிவப்புத் தட்டில் எழுந்த வெண்கிரீடத்தின் வண்ணப்படமாக உலகம் சுற்றியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் தேடியது, பிசிறில்லாத, சமச்சீரான கிரீடம். வொர்திங்டனின் தகடுகள் அபூர்வம் என்று காட்டிய அதே கிரீடம்தான்! என் கண்ணுக்கு வொர்திங்டனின் கோணல் கிரீடங்களே மேல். ஆனால் உலகம் நகலெடுக்கத் தேர்ந்தது எட்ஜர்ட்டனின் படத்தை.

அவருடைய விளக்கு போன இடங்களுக்கு அளவில்லை. அல்பேனியாவில் பிறந்த பொறியாளர் ஜோன் மிலி அதை ‘லைஃப்’ இதழுக்குக் கொண்டுபோய் நடனக்காரர்களை உறையவைத்தார். ஹாலிவுட் அதை வைத்து எடுத்த ‘குவிக்கர்ன் எ விங்க்’ என்ற குறும்படம் ஆஸ்கர் வாங்கியது. இரண்டாம் உலகப்போரில் அந்த விளக்கு விமானத்தில் ஏறி, இரவில் நிலத்தைப் படமெடுத்தது. சோதனைப் பறப்பில் கீழே ஒளிர்ந்தது ஸ்டோன்ஹெஞ்ச். 1944 ஜூனில் நார்மண்டி. போருக்குப் பின் எட்ஜர்ட்டனும் கூட்டாளிகளும் நடத்திய நிறுவனம் அணுகுண்டுச் சோதனைகளுக்கான கருவிகளைச் செய்தது. பால் துளிக்கும் அணுகுண்டுக்கும் ஒரே கைகள் என்பது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

வீட்டுக்கு அந்த விளக்கு வந்தது சிக்கனத்தின் வழியாக. 1960களில் தானியங்கி பிளாஷ்கள் வந்தன. போதிய ஒளி திரும்பி வந்ததும் ஓர் உணரி விளக்கை அணைத்துவிடும், மிஞ்சிய மின்சாரமோ வீணாகும். அதை வீணாக்காமல் பேட்டரியை மிச்சப்படுத்தத் தைரிஸ்டர் என்ற மின்னணு விசையைச் சேர்த்தார்கள். துளியைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டின்படி, பிளாஷின் சக்தியைக் குறைத்தால் ஒளி மங்குவதில்லை, சீக்கிரம் வெட்டுப்படுகிறது. அரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் தண்ணீரைத் தொடும். முழுச் சக்தியில் பிளாஷ் ஆயிரத்தில் ஒரு நொடி எரிந்தால், அதற்குள் துளி மூன்று மில்லிமீட்டர் நகர்ந்து கலங்கிவிடும். முப்பத்திரண்டில் ஒரு பங்குச் சக்திக்கு இறக்கினால் துளி கிட்டத்தட்ட நகராது எனலாம். பிளாஷை இயக்கியதும் எழும் மெல்லிய கீச்சொலி, உள்ளே மின்தேக்கி நிரம்பும் வேலையின் ஓசை. அந்த மின்தேக்கி லைடன் ஜாடியின் நேர் வாரிசு.

மற்றதெல்லாம் வீட்டிலும் கடையிலும் கிடைப்பவை. மருந்துக்கடையில் வாங்கும் குளுக்கோஸ் டியூப் துளிகளை எண்ணி விடும். துளி விழும் இடத்தில் பென்சிலை நிறுத்தி, அதில் போகஸ் செய்து, பிறகு எடுத்துவிடலாம். பிளாஷை நேராக அடிக்காமல் பின்னால் வைத்து, நடுவில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் நீரின் விளிம்புகள் துலங்கும். கை பொத்தானை அழுத்தும் நேரம் துளிக்கு மிக நீண்டது. எனவே முதல் நாள் பெரும்பாலும் வெறும் தட்டுதான் படமாகும்.

2005இல் இரண்டு நிகழ்வுகள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் லெய் ஷூவும் சகாக்களும், காய்ந்த வழுவழுப்பான பரப்பில் துளி விழும்போது சுற்றியுள்ள காற்றழுத்தத்தைக் குறைத்தால் தெறிப்பே மறைந்துவிடுகிறது என்று கண்டார்கள். வொர்திங்டன் தொடங்கி நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் திரவத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். தெறிக்கவைப்பதில் காற்றுக்கும் பங்கு இருந்திருக்கிறது. அதே ஆண்டு இத்தாலியின் இவ்ரேயா நகரில், ஒரு மதுக்கடையின் பெயரைச் சூட்டிக்கொண்டு, ஆர்டுயினோ என்ற மலிவான மின்னணுப் பலகை பிறந்தது. மாணவர்களுக்காகச் செய்தது. துளிப் படக்காரர்கள் அதை ஒரு சிறு மின்வால்வோடு இணைத்தார்கள். வொர்திங்டனின் உருண்டை செய்த வேலையை இப்போது சில வரி நிரல் செய்கிறது.

அது வந்ததும் கிரீடம் பழசாகிவிட்டது. இன்று எல்லாரும் துரத்துவது குடையை. முதல் துளி எழுப்பிய வொர்திங்டன் தாரை உச்சியில் நிற்கும்போது, ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்து விடப்பட்ட இரண்டாம் துளி அதன் தலையில் மோதிக் குடையாய் விரியும். வெறும் தண்ணீர் சட்டென்று சிதறிவிடுவதால் அதில் கோந்து கலக்கிறார்கள். பலர் கலப்பது குவார் கோந்து. அமெரிக்காவில் பாறையைப் பிளந்து எண்ணெய் எடுப்பவர்கள் 2012 வாக்கில் அதை வாங்கிக் குவித்ததில் விலை விண்ணைத் தொட்டு, ராஜஸ்தான் விவசாயிகள் சிலர் திடீர்ப் பணத்தைக் கண்டார்கள். அந்தக் கோந்து வருவது, நாம் பருப்பு உசிலி செய்யும் கொத்தவரங்காயின் முற்றிய விதையிலிருந்து. ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சில கிராம் போதும். கட்டி தட்டாமல் கரைத்து, இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்ட வேண்டும்.