மெனோபாஸ் தொல்லைக்கு மூலிகை எடுக்கலாமா? சோயா முதல் சதாவரி வரை... எது எவ்வளவு உதவும்?

திடீர்னு முகம், கழுத்தெல்லாம் தீப்பிடித்த மாதிரி ஒரு சூடு. சில நிமிடங்களில் உடம்பு முழுக்க வியர்வை, அப்புறம் குளிர். ராத்திரியில் வந்தால் தூக்கம் போச்சு. மெனோபாஸ் காலத்தில் பல பெண்கள் படும் அவஸ்தை இது. டாக்டரிடம் சொல்லத் தயங்குபவர்கள் முதலில் போவது நாட்டு மருந்துக் கடைக்குத்தான். அங்கே கிடைப்பதில் எது உதவும்?

ஏன் இந்த சூடு?

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வரவில்லை என்றால் அது மெனோபாஸ். இந்தியப் பெண்களுக்கு சராசரியாக 46, 47 வயதில் வருகிறது. ஈஸ்ட்ரோஜென் ஹார்மோன் குறைவதால், மூளையில் உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் பகுதி தடுமாறுகிறது. லேசாக சூடு ஏறினாலே வியர்க்க வைத்துவிடுகிறது.

இதற்கு ஹார்மோன் மாத்திரை உண்டு. ஆனால் அதனால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு கூடுவதாக 2002-ல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு சொன்ன பிறகு, பலரும் மூலிகைப் பக்கம் திரும்பினார்கள். 60 வயதுக்குள் இருக்கும், வேறு சிக்கல் இல்லாத பெண்களுக்கு பொதுவாக நன்மையே அதிகம் என்று மருத்துவர்கள் இப்போது சொன்னாலும், பயம் மட்டும் போகவில்லை.

சோயா, சதாவரி, அமுக்கரா

சோயாவில் ஈஸ்ட்ரோஜென் போலவே லேசாக வேலை செய்யும் ஐசோஃபிளேவோன் இருக்கிறது. சில ஆய்வுகளில் சூடு ஓரளவு குறைந்தது, சிலவற்றில் பலனே இல்லை. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-ல் சோயாவையோ மூலிகை மாத்திரைகளையோ இதற்குப் பரிந்துரைக்கவில்லை. குழம்பில் போடும் மீல்மேக்கரை சத்துக்காகத் தாராளமாகச் சாப்பிடலாம், மருந்தாக நினைக்க வேண்டாம்.

சதாவரி எனும் தண்ணீர்விட்டான் கிழங்குக்கு சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் பெரிய இடம் உண்டு. ஆனால் நடந்தவை சிறிய ஆய்வுகள்தான். லேகியமாக வாங்கினால் அதில் சர்க்கரையோ வெல்லமோ நிறைய இருக்கும். சுகர் இருப்பவர்கள் கவனிங்க.

அமுக்கரா என்கிற அஸ்வகந்தா தூக்கத்துக்கும் மனப் பதற்றத்துக்கும் கொஞ்சம் உதவலாம். ஆனால் தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடும், அரிதாகக் கல்லீரலையும் பாதித்திருக்கிறது.

'எனக்குக் கேட்டுச்சே' என்பவர்களும் பொய் சொல்லவில்லை. ஆய்வுகளில் வெறும் போலி மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கே சூடு கணிசமாகக் குறைந்திருக்கிறது. தவிர, இந்தத் தொல்லை காலப்போக்கில் தானாகவும் குறையும்.

மாத்திரையோடு சேர்ந்தால்?

பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். இந்த வயதில் பலரும் ஏற்கெனவே ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறார்கள். காலையில் தைராய்டு மாத்திரை போட்ட கையோடு சோயா மாவுக் கஞ்சி குடித்தால், மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. வெந்தயப் பொடியை அதிகமாக எடுத்தால், சுகர் மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை அளவு ரொம்ப இறங்கலாம். மார்பகப் புற்றுநோய் சிகிச்சை பெற்றவர்கள், ஈஸ்ட்ரோஜென் போல வேலை செய்யும் எந்த மூலிகை மாத்திரையையும் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்காமல் தொடக்கூடாது.

எதை எடுத்தாலும் டாக்டரிடம் பாட்டிலையோ பொட்டலத்தையோ காட்டிச் சொல்லுங்க. திட்டுவாரோ என்று மறைப்பதுதான் ஆபத்து.

இதற்குக் கஷாயம் வேண்டாம்

மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து மறுபடி ரத்தம் பட்டால், ஒரு சொட்டாக இருந்தாலும் மகளிர் மருத்துவரைப் பாருங்கள். 'சூட்டு உடம்பு, அதான்' என்று கஷாயம் குடித்து மாதங்களைக் கடத்துபவர்கள் இருக்கிறார்கள். இப்படி ரத்தம் படும் பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுநோய் இருக்கலாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்த முடியும். முதல் பரிசோதனை பொதுவாக ஒரு ஸ்கேன்தான். உள்சவ்வின் தடிமன் 4 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, ரத்தம் திரும்பத் திரும்ப வந்தாலோ, சிறிது திசுவை எடுத்துப் பரிசோதிப்பார்கள்.