தலையில அடி, ரத்தத்துல சேதி

எங்க கள்ளிக்குப்பம் பக்கம் எந்த லேப்புக்குப் போனாலும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரெண்டுக்கும் ரத்தம் எடுப்பாங்க. ரெண்டுமே உடம்புல அழற்சி இருக்கான்னு பார்க்குற டெஸ்ட். வண்டியில போயி விழுந்து தலையில அடிபட்டவரு ஐ.சி.யூ.ல கிடக்கும்போது, வெளியே நிக்கிற சொந்தக்காரங்க கையில இருக்கறது இந்த ரிப்போர்ட்தான். "சி.ஆர்.பி. ஏறிடுச்சாமே, அப்ப மூளை வீங்கிடுச்சா?"ன்னு கேட்பாங்க. இந்தக் கேள்விக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கு மேல கதை இருக்கு. கொஞ்சம் பொறுமையா படிங்க மக்களே.

1897-ல போலந்து டாக்டர் பியர்னாட்ஸ்கி, நோயாளிகளோட ரத்தச் சிவப்பணுக்கள் குழாய்ல வேகமா அடியில படியறதைக் கவனிச்சு எழுதினார். 1918-ல ஸ்வீடன்காரர் ஃபாரியஸ் அதையே கர்ப்பிணிகள்கிட்ட பார்த்தார். இதான் ஈ.எஸ்.ஆர். 1930-ல நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்துல டில்லெட், ஃபிரான்சிஸ்னு ரெண்டு பேர் நிமோனியா நோயாளிகள் ரத்தத்துல சி.ஆர்.பி.யைக் கண்டுபிடிச்சாங்க. அதைத் தயாரிக்கறது மூளை இல்லை, கல்லீரல்! அதுக்கு உத்தரவு போடுற முக்கியமான ஆசாமி இன்டர்லூக்கின்-6. அதோட மரபணுவை 1986-ல ஜப்பான்ல ஒசாகா ஆட்கள் பிரிச்செடுத்தாங்க.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 1950-ல மெட்ராஸ் ஜி.ஹெச்.ல நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவை ஆரம்பிச்சவர் டாக்டர் பி. ராமமூர்த்தி. சீர்காழியில பிறந்தவர், இங்கிலாந்து நியூகாஸில்ல ரௌபாத்தம்கிட்ட பயிற்சி எடுத்தவர். அந்த ரௌபாத்தம் தலைக்காயத்தைப் பத்தியே தனியா புத்தகம் போட்ட ஆள். ஒரு வருஷம் முன்னாடியே, 1949-ல வேலூர் சி.எம்.சி.ல டாக்டர் ஜேக்கப் சாண்டி ஆரம்பிச்சிருந்தார். அப்ப சி.டி. ஸ்கேனே கிடையாது. முதல் நோயாளிக்கு லண்டன்ல ஸ்கேன் எடுத்ததே 1971-லதான். நினைவு எவ்வளவு இருக்குன்னு மார்க் போடுற கிளாஸ்கோ அளவுகோல் வந்தது 1974-ல. அதுவரைக்கும் கண் பாப்பா, நாடி, டாக்டரோட அனுபவம். அவ்ளோதான்.

அதே 1950-லதான் கார்ட்டிசோன் ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு. அழற்சியை அடக்குற மருந்து கையில வந்தாச்சு. 1961-ல மூளைக்கட்டி வீக்கத்துக்கு டெக்சாமெத்தசோன் குடுத்தாங்க, நல்லா வேலை செஞ்சுது. அப்புறம் என்ன, கட்டிக்கு வேலை செய்யறது அடிக்கும் செய்யும்னு தலைக்காயத்துக்கும் ஸ்டீராய்டு போட ஆரம்பிச்சாங்க. கேட்க எவ்வளவு நியாயமா இருக்கு பாருங்க. சின்னச் சின்ன ஆய்வுகள் நடந்துச்சு, முடிவு தெளிவா வரலை.

கடைசியில கிராஷ்னு ஒரு பெரிய ஆய்வு. இருபதாயிரம் பேரைச் சேர்க்கறதா திட்டம். அடிபட்டு 8 மணி நேரத்துக்குள்ள வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு 48 மணி நேரம் மெத்தில்பிரெட்னிசோலோன், மீதிப் பேருக்கு வெறும் போலி மருந்து. 10,008 பேர் சேர்ந்தப்பவே, 2004-ல நிறுத்திட்டாங்க. ஏன்? ரெண்டு வாரத்துக்குள்ள இறந்தவங்க, ஸ்டீராய்டு போட்டவங்கள்ல 21.1 சதவீதம், போடாதவங்கள்ல 17.9 சதவீதம். நூத்துக்கு மூணு பேர் கூடுதலா போயிருக்காங்க. அதுக்கு முன்னாடி பல வருஷமா உலகம் முழுக்க நல்லெண்ணத்தோட இந்த ஊசியைப் போட்டதை நினைச்சா எனக்குச் சோறு இறங்கலை.

ஏன் இறந்தாங்கங்கறதுக்கு அந்த ஆய்வால காரணம் சொல்ல முடியலை. ஆனா ஒண்ணு புரிஞ்சுது. அழற்சியை மொத்தமா வில்லன்னு நினைக்கக் கூடாது. செத்த செல்களைக் கூட்டிப் பெருக்கறதும் அதே படைதான். எப்போ, எவ்வளவு, யாருக்குன்னு தெரியாம அடக்கினா வம்பு. ரத்தத்துல அளவு பார்க்கற ஆராய்ச்சிக்கு இதனாலதான் இவ்வளவு மவுசு.

அதுலயும் சிக்கல் உண்டு. அடிபட்ட சில மணி நேரத்துல இன்டர்லூக்கின்-6 ஏறும், சி.ஆர்.பி. ரெண்டு நாள்ல உச்சத்துக்குப் போகும். ஆனா கால் உடைஞ்சாலும் ஏறும், வென்டிலேட்டர்ல நிமோனியா வந்தாலும் ஏறும். நம்ம பாஷையில சொன்னா, சர்வர் லோடு ஏறிடுச்சுன்னு அலாரம் அடிக்குது, எந்த ப்ரோகிராம்னு சொல்லலை :-)

அதனால மூளையிலேர்ந்தே கசியற புரதங்களைத் தேடிப் போனாங்க. 1965-ல கண்டுபிடிச்ச எஸ்-100 வகையில ஒண்ணு எஸ்-100-பி. ஆனா அது கொழுப்பு செல்லிலயும் இருக்கு. பிறகு ஜி.எஃப்.ஏ.பி., யு.சி.எச்.-எல்1. இந்த ரெண்டையும் அளக்குற டெஸ்டுக்கு 2018-ல அமெரிக்கா அனுமதி குடுத்துச்சு. 2024-ல படுக்கை பக்கத்துலயே 15 நிமிஷத்துல பார்க்குற வகைக்கும் கிடைச்சுது. இவை சொல்றது காயத்தை, அழற்சியை இல்லை. லேசான அடிக்கு சி.டி. ஸ்கேன் வேணுமா வேண்டாமான்னு முடிவெடுக்க உதவும்.

ஆக, "சி.ஆர்.பி. ஏறிடுச்சு, மூளை வீங்கிடுச்சா?"ங்கற கேள்விக்குப் பதில்: அந்த ஒரு எண்ணை வச்சு சொல்ல முடியாது. வீக்கத்தை சி.டி. காட்டும். சி.ஆர்.பி. விடாம ஏறிக்கிட்டே போனா டாக்டருங்க முதல்ல தேடறது கிருமித் தொற்றைத்தான். வெளியே நிக்கிறவங்க அந்தக் காகிதத்தைப் பார்த்து ராத்திரி பூரா அழ வேண்டியதில்லை. "இன்னிக்கு நினைவு எப்படி இருக்கு, ஸ்கேன்ல என்ன மாற்றம்?"னு டாக்டரைக் கேளுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். மருத்துவம் படிச்ச பதிவர்கள் யாராவது பின்னூட்டத்துல கூடுதலா சொன்னா சந்தோஷம். அப்புறம், சி.டி.எச். ரோட்டுல வண்டி ஓட்டுற மக்களே, ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல வைக்காம தலையில மாட்டுங்க!