மென்பொருள் கணக்காய்வும் பெரிய கம்பனிகளின் எதிர்வாதமும்

மென்பொருளை விலைக்கு வாங்கினோம் என்று கூறுவது வழக்கமாகிவிட்டது. சட்டத்தின் கண்ணில், பெரிய நிறுவனங்கள் பெற்றுக்கொள்வது ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட எல்லைக்குள் அதனைப் பயன்படுத்துவதற்கான அனுமதி மட்டுமேயாகும். கணினி நிரல்களைப் பதிப்புரிமைக்குரிய படைப்புகளாகவே பிரித்தானியாவின் 1988 ஆம் ஆண்டுச் சட்டமும், எமது நாட்டின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கொள்கின்றன. எத்தனை பேர் பயன்படுத்தலாம், எத்தனை கணினிகளில் நிறுவலாம் என்ற எல்லை மீறப்பட்டுள்ளதா என்று பார்வையிடும் உரிமையை, விற்பனை செய்யும் கம்பனி ஒப்பந்தத்திலேயே தன்னிடம் வைத்துக்கொள்கிறது. இதுவே அனுமதிப்பத்திரக் கணக்காய்வு எனப்படுகிறது.

கணக்காய்வு என்ற சொல்லே இங்கு ஒரு மயக்கத்தை உண்டாக்குகிறது. நிதிக் கணக்காய்வைச் செய்பவர் இரு தரப்பையும் சாராதவர். மென்பொருள் கணக்காய்வில் ஆய்வாளர் பெரும்பாலும் விற்பனைக் கம்பனியின் பிரிவொன்றைச் சேர்ந்தவர், அல்லது அதனால் அமர்த்தப்பட்டவர். அவர் இறுதியில் முன்வைக்கும் தொகை ஒரு கோரிக்கை, தீர்ப்பு அன்று. ஆயினும் பல நிறுவனங்கள் அதனைத் தீர்ப்பாகவே ஏற்றுப் பணம் செலுத்திவிடுகின்றன. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. சம்பளம், களஞ்சிய இருப்பு, விநியோகம் யாவும் அந்த மென்பொருளிலேயே தங்கியிருக்கையில், அனுமதிப்பத்திரம் இரத்துச் செய்யப்படும் என்ற ஒரு கடிதமே பணிப்பாளர் சபையைக் கலங்கச் செய்யப் போதுமானது.

அத்தகைய கடிதத்தை எதிர்கொண்டு நீதிமன்றப் படியேறியது, சொக்லேற் உற்பத்தியில் உலகப் புகழ்பெற்ற அமெரிக்காவின் மார்ஸ் கம்பனி. தரவுத்தள மென்பொருளை வழங்கும் ஒராக்கிள் கம்பனிக்கு எதிராக, 2015 ஒக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ நகர நீதிமன்றத்தில் அது மனுத் தாக்கல் செய்தது. ஒரு பெரிய கணினியைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரித்து இயக்கும் வீஎம்வெயார் என்ற மென்பொருளை மார்ஸ் பயன்படுத்தியது. இந்த ஏற்பாட்டில் ஒரு கணினியில் இயங்கும் வேலையை, நிறுத்தாமலேயே மற்றொரு கணினிக்கு மாற்றிவிட முடியும். அவ்வாறு மாற்ற முடியும் என்பதனாலேயே, தனது மென்பொருள் ஒருபோதும் இயங்காத கணினிகளுக்கும் ஒராக்கிள் கட்டணம் கோரியது என்பதே மார்ஸின் முறைப்பாடு. கணக்காய்வின்போது 233,089 பக்க ஆவணங்களைக் கையளித்த பின்னரும் மேலும் தகவல் கேட்கப்பட்டதாக மனுவில் தெரிவிக்கப்பட்டிருந்தது.

எதிர்வாதத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. ஒராக்கிளின் வழமையான ஒப்பந்தங்களில், மென்பொருள் நிறுவப்பட்டுள்ள அல்லது இயங்குகின்ற செயலிகளே கணக்கிடப்படும் என்று வரையறுக்கப்பட்டுள்ளது. இயங்கக்கூடிய செயலிகள் என்ற சொல் அந்த வரையறையில் இல்லை. மெய்நிகர் கணினிகள் தொடர்பான கட்டுப்பாடுகள் வேறொரு கொள்கை ஆவணத்திலேயே காணப்படுகின்றன. அந்த ஆவணமோ தான் விளக்கத்துக்காக மட்டும் வெளியிடப்பட்டது என்றும், எந்த ஒப்பந்தத்தினதும் பகுதியாகாது என்றும் தானே கூறிக்கொள்கிறது! கையொப்பமிடப்படாத ஒரு தாளைக் காட்டிப் பல மில்லியன் டொலரைக் கேட்க முடியுமா என்பது நியாயமான கேள்வியே. ஆனால், நீதிமன்றம் இதற்கு விடை கூறும் வாய்ப்புக் கிட்டவில்லை. இரு தரப்பும் இணக்கத்துக்கு வந்ததையடுத்து 2015 டிசெம்பரில் மனு மீளப்பெறப்பட்டது.

ஒப்பந்தத்தின் சொற்கள் வாடிக்கையாளரைக் காப்பது போலவே கைவிடவும் கூடும். இங்கிலாந்தின் டியாஜியோ வழக்கு அதற்குச் சான்று. டியாஜியோ மதுபானம் உற்பத்தி செய்யும் கம்பனி. அதன் பண்டம் பற்றி எமது வாசகர்களுள் பலருக்கு உள்ள அபிப்பிராயம் தெரிந்ததே. வழக்கில் எழுந்த சட்டப் பிரச்சினை எந்தக் கம்பனிக்கும் பொதுவானது. ஜேர்மனியின் எஸ்.ஏ.பி. கம்பனியுடன் டியாஜியோ 2004 இல் ஒப்பந்தம் செய்து, 2015 வரையில் 50 மில்லியனுக்கும் 61 மில்லியனுக்கும் இடைப்பட்ட ஸ்ரேலிங் பவுணைச் செலுத்தியிருந்தது. பின்னர் சேல்ஸ்போர்ஸ் என்ற வேறொரு தளத்தில் இரண்டு புதிய செயலமைப்புகளை அது உருவாக்கியது. ஒன்று விற்பனைப் பிரதிநிதிகளுக்கானது. மற்றையது வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைக்காமல் இணையத்தின் மூலம் தாமாகவே கொள்வனவுக் கட்டளை இடுவதற்கானது. இந்தக் கட்டளைகள் இடைநிலை மென்பொருளொன்றின் ஊடாக எஸ்.ஏ.பி.யின் பிரதான அமைப்பைச் சென்றடைந்தன.

எஸ்.ஏ.பி. 54.5 மில்லியன் ஸ்ரேலிங் பவுணை மேலதிகமாகக் கோரியது. இடைநிலை மென்பொருளுக்கான கட்டணத்தைத் தனியாகச் செலுத்திவிட்டோம். அதுவே வாயிற்கதவுக்கான அனுமதி என்று டியாஜியோ வாதிட்டது. சாதாரண அறிவுக்கு இது பொருத்தமாகவே தோன்றுகிறது. எனினும், பெயர் குறிப்பிடப்பட்ட பயனர்களே அமைப்பை நேரடியாகவோ மறைமுகமாகவோ அணுகலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. 'மறைமுகமாக' என்ற அந்த ஒரு சொல்லே வழக்கைத் திசைதிருப்பியது. மேல் நீதிமன்ற நீதிபதி ஓ'ஃபாரல், 2017 பெப்ரவரி 16 இல் டியாஜியோவுக்குப் பொறுப்பு உண்டெனத் தீர்ப்பளித்தார். செலுத்த வேண்டிய தொகை அத்தீர்ப்பில் நிர்ணயிக்கப்படவில்லை. 2004 இல் கையொப்பமிட்டவர்கள், கடைக்காரர் ஒருவர் இணையத்தில் கட்டளையிடும் நாளை மனதிற்கொண்டு அச்சொல்லை வாசித்திருப்பார்கள் என்று நாம் நம்பவில்லை.

தொகை பற்றிய தர்க்கம் தனியானது. கம்பனிகளின் சட்டத்தரணிகள் அதிக கவனம் செலுத்த வேண்டிய இடமும் அதுவே. விலைப்பட்டியலின் முழு விலையில் கோரிக்கை கணக்கிடப்படும்போது, முன்னைய கொள்வனவுகளில் வழங்கப்பட்ட கழிவு மறக்கப்பட்டுவிடுகிறது. பின்னோக்கிய பராமரிப்புக் கட்டணமும் சேர்க்கப்படுகிறது. இங்கிலாந்தில் சாதாரண ஒப்பந்த மீறல் கோரிக்கைகளுக்கு 1980 ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு வருட காலவரையறை விதித்திருப்பதால், எந்த ஆண்டிலிருந்து கணக்கு ஆரம்பிக்கிறது என்பதும் அற்ப விடயமன்று. இவற்றுக்கெல்லாம் முன்னதாக, கணக்காய்வு வாசகத்தையே வரிக்கு வரி வாசித்தல் வேண்டும். ஒராக்கிளின் வழமையான வாசகம் 45 நாள் எழுத்துமூல அறிவித்தலையும், நாளாந்த வேலைக்கு நியாயமற்ற இடையூறு ஏற்படாமையையும் கூறுகிறது. வாடிக்கையாளர் நியாயமான உதவி வழங்கினால் போதுமானது. வாசகம் கேட்காத தகவலைக் கையளிக்கும் கம்பனி, தனக்கெதிரான கோரிக்கைக்குத் தானே ஆதாரம் சேர்த்துக் கொடுக்கிறது. ஆய்வாளர் வரும்முன் தனது பயன்பாட்டைத் தானே எண்ணி அறிந்திருக்கும் கம்பனிக்கு இந்தச் சங்கடம் குறைவு.

டியாஜியோ தீர்ப்பு வெளியான மறுமாதத்திலேயே, ஏபி இன்பெவ் என்ற மற்றொரு பாரிய கம்பனியிடம் எஸ்.ஏ.பி. 600 மில்லியன் அமெரிக்க டொலர் வரை கோரியுள்ளமை வெளியாயிற்று. நடுத்தீர்ப்புக்குச் சென்ற அப்பிணக்கு 2018 இல் இணக்கத்தில் முடிந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் எஸ்.ஏ.பி. தனது கட்டண முறையையும் மாற்றியமைத்தது. மறைமுகப் பயன்பாட்டுக்கு ஆட்களை எண்ணுவதை விடுத்து, அமைப்பில் உருவாகும் ஒன்பது வகை ஆவணங்களை எண்ணும் முறை அறிமுகமாயிற்று. பழைய ஒப்பந்தம் உள்ளவர்கள் புதிய முறைக்கு மாறுவதா, இருந்தபடியே இருப்பதா என்பது அவர்களது தெரிவுக்கு விடப்பட்டது.