மாவுக்கோழியும் மழுங்கிய வாளும்

சில ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தில் வேலை பார்க்கும் மகன் ஓர் அக்டோபர் மாதம் என்னை 'பேட்டில்' என்ற சிற்றூருக்குக் கூட்டிப் போனான். 1066 அக்டோபர் 14-இல் நார்மண்டி வில்லியம், ஹெரால்டு மன்னனை வீழ்த்திய ஹேஸ்டிங்ஸ் போர் நடந்த இடம். அந்தப் போரைத்தான் மறுபடி நடத்திக் காட்டினார்கள். இரும்பு வளையச் சட்டை, கேடயம், முனை மழுங்கிய வாள். போட்டவர்கள் கூலிக்கு நடிப்பவர்கள் அல்ல. வாரநாளில் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் போகிறவர்கள். இது அங்கே பெரிய பொழுதுபோக்கு. 1968-இல் பிரிகேடியர் பீட்டர் யங் தொடங்கிய 'சீல்டு நாட்' என்ற சங்கம் 17-ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரை இப்படித்தான் நடத்துகிறது.

கடைசியில் விழுந்தவர்கள் எல்லாம் எழுந்து புல்லைத் தட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள். "தாத்தா, செத்தவங்க எழுந்துட்டாங்க!" என்று பேரன் கைதட்டினான். நானும் சிரித்தேன். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. யசோதர காவியம் நினைவுக்கு வந்துவிட்டது. யசோதரன் உயிருள்ள கோழியை வெட்டவில்லை. மாவில் செய்த கோழியைத்தான் பலியிட்டான். அதற்கே அவனும் தாயும் விலங்குப் பிறவிகளில் உழன்றார்கள். கை செய்தது பொம்மைக் கொலைதான்; எண்ணம் பொம்மை இல்லையே! அப்படியானால் இந்த விளையாட்டுப் போரை என்னவென்று சொல்வது?

விடை ஐஸ்லாந்து வரலாற்றில் கிடைத்தது. அங்கே பழைய தெய்வங்களை வணங்கியோரைப் பிற்காலத்தார் 'பேகன்' என்பர். மயிலுக்குப் போர்வை தந்த நம் பேகன் அல்ல. லத்தீனில் நாட்டுப்புறத்தான் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. கி.பி. 1000 வாக்கில் நாட்டு மன்றம் கூடியபோது, பழைய சமயத்தவரான தோர்கெய்ர் ஒரு பகலும் ஓர் இரவும் போர்வைக்குள் படுத்து யோசித்து, எல்லோரும் கிறித்தவராவோம் என்று தீர்ப்புச் சொன்னார். மறைவில் பலியிடலாம் என்ற சலுகை இருந்தது. சில ஆண்டுகளில் அதுவும் போயிற்று.

1972-இல் ஸ்வெய்ன்பியோர்ன் பெய்ன்டெய்ன்சன் என்ற ஆடு வளர்க்கும் கவிஞரும் நண்பர்களும் பழைய வழிபாட்டுக்கு ஒரு சங்கம் கண்டார்கள். 1973-இல் அரசு அங்கீகரித்தது. முன்னோர் குதிரையை வெட்டி ரத்தம் தெளித்ததாகப் பழங்கதைகள் சொல்கின்றன. இவர்களோ உயிர்ப்பலி இடுவதில்லை. கூடி உண்டு, கொம்புக் கிண்ணத்தில் பருகி வாழ்த்துவதோடு சரி.

இங்கேதான் வித்தியாசம் எனக்குப் புரிந்தது. வேடம் கட்டுகிறவன் "அன்று எப்படி இருந்தது?" என்று கேட்கிறான், பொத்தான்கூட மாறக்கூடாது அவனுக்கு. நம்புகிறவன் "இன்று எது தகும்?" என்றும் கேட்கிறான். எதை விடுகிறான் என்பதில்தான் அவன் நம்பிக்கை தெரிகிறது. எங்கள் பஞ்சகல்யாண விழாவில் அப்பா இந்திரனாகக் கிரீடம் வைத்து நின்றது ஞாபகம் வருகிறது. நாள் முழுக்கக் கடையில் தராசு பிடித்த கை, அன்று கலசம் ஏந்தியபோது நடுங்கியது. அதை வேடம் என்று என்னால் சொல்ல முடியாது.

ஊரை விட்டு வந்த நாமும் பொங்கலன்று மண்டபத்தில் கேஸ் அடுப்பில் பானை வைக்கிறோம். பிள்ளைகளுக்குப் பட்டு உடுத்தினால் மட்டும் போதாது. ஏன் செய்கிறோம் என்றும் சொல்லிவிடுவோம். மிச்சத்தை அவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.