பொத்தானை வென்ற கண்ணாடி

தட்டச்சில் தேர்ந்தவர் விசைப்பலகையைப் பார்ப்பதில்லை. விரலே அவருக்குக் கண். விசை அழுந்தி மீண்டும் எழும்பும்போது, எழுத்து பதிந்துவிட்டது என்பதை விரல் அறிந்துகொள்கிறது. இவ்வுணர்வைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்து புகழ்பெற்ற நிறுவனம் ஒன்று, பிறகு கண்ணாடியிடம் தோற்றது. அவ்வரலாற்றைக் காண்போம்.

கனடாவின் வாட்டர்லூ நகரிலிருந்த ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம் 1999-இல் பிளாக்பெர்ரி என்னும் கருவியை வெளியிட்டது. உள்ளங்கையில் அடங்கும் அக்கருவியில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு விசை இருந்தது. இரு கட்டைவிரல்களால் விரைவாக மின்னஞ்சல் எழுத முடிந்தது.

2007 ஜனவரி 9 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை அறிமுகப்படுத்தினார். அதில் எழுத்து விசைகளே இல்லை; 3.5 அங்குலத் திரை மட்டுமே. பிளாஸ்டிக் விசைகள் தேவைப்படாதபோதும் இடத்தை அடைத்துக்கொள்ளும். திரையில் தோன்றும் விசைகளோ வேலை முடிந்ததும் மறைந்துவிடும். இதுவே அவரது வாதம்.

தொடுதிரை அன்று பிறந்த கருத்தன்று. இங்கிலாந்தில் மால்வெர்ன் நகர ராடார் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த இ. ஏ. ஜான்சன், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கெனத் தொடுதிரை ஒன்றை 1965-லேயே விவரித்திருந்தார்.

இது எவ்வாறு இயங்குகிறது? இரு கடத்திகளுக்கிடையே காப்புப்பொருள் இருந்தால் அது மின்தேக்கி என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். திரையில் ஒளிபுகும் கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக அமைந்துள்ளன. அவை குறுக்கிடும் இடமெல்லாம் ஒரு நுண்ணிய மின்தேக்கி. நம் உடலும் ஒரு கடத்தியே. ஆகவே, விரல் நெருங்கியதும் அவ்விடத்து மின்தேக்குதிறன் மாறுகிறது. எவ்விடத்தில் மாறியது என்பதை மின்சுற்று கணிக்கிறது. அழுத்தவே வேண்டியதில்லை! மரக்குச்சியால் தொட்டால் பயனில்லாததும் இதனால்தான்.

போட்டியில் நிலைக்க, 2008-இல் பிளாக்பெர்ரி ஸ்டார்ம் என்னும் தொடுதிரைக் கருவி வந்தது. அழுத்தினால் திரை முழுவதும் ஒரே பொத்தான்போல் கீழிறங்கும். விரலுக்கு அழுத்தம் தெரிந்தது. ஆனால் எந்த எழுத்தின்மேல் இருக்கிறோம் என்பது தெரியவில்லை. 2016-இல் அந்நிறுவனம் தானே கைப்பேசி தயாரிப்பதைக் கைவிட்டது.

கண்ணாடியால் நமக்கு விளைந்த நன்மை பெரிது. பிளாஸ்டிக் விசையில் ஆங்கிலத்துடன் தமிழையும் பொறிக்க இடமேது? திரையிலோ விசை என்பது வெறும் படம். அதே கண்ணாடியில் தமிழும் தோன்றும், அரபும் தோன்றும். கருவியை மாற்ற வேண்டியதில்லை.

இழப்பும் உண்டு. வழவழப்பான கண்ணாடியில் தடவிப் பார்க்க ஒன்றுமில்லை. பார்வையற்றோர்க்கு இது பெருந்தடை. தொட்ட எழுத்தைக் குரலால் சொல்லும் வசதி ஐபோனில் 2009-இல்தான் சேர்ந்தது. விரல் இழந்ததைச் செவி ஓரளவு ஈடுசெய்தது.

கண்களை மூடிக்கொண்டு உங்கள் பெயரைக் கைப்பேசியில் எழுதிப் பாருங்கள். பழைய விசையின் அருமை அப்போது புரியும்.