கணினி மெதுவாக இயங்குகிறதா? ராம் வாங்குமுன் வன்தட்டைப் பாருங்கள்

கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா சில மாதங்களுக்கு முன் என்னை வீட்டுக்கு வரச்சொன்னார். "தம்பி, கனடாவில இருக்கிற பெறாமகன் காசு அனுப்பியிருக்கிறான். ராம் கூட்டினால் சரி எண்டு கடையில சொல்லுறாங்கள். கூட்டினால் உது கெதியா ஓடுமே?" என்று கேட்டார்.

மகளின் உயர்தரப் படிப்புக்காக வாங்கிய பழைய மேசைக் கணினி அது. 4 ஜி.பி. ராம், விண்டோஸ் 10. போட்டால், திரை முழுதாக வர நான்கு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. நான் கணினி திருத்துபவன் அல்ல. ஆனால் எனது மடிக்கணினிக்கு 8 ஜி.பி.யை 16 ஆக்கி, ஒரு வித்தியாசமும் காணாமல் காசை இழந்த அனுபவம் எனக்கு உண்டு. அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடி அறிந்தேன்.

சுருக்கமான பதில் இதுதான்: ராம் போதாமல் கணினி திணறுகிறது என்றால், கூட்டினால் வேகம் வரும். காரணம் வேறு என்றால் வராது.

ஆணைக்குழுக்களுக்கும் அலுவலகங்களுக்கும் ஆவணக் கட்டுகளோடு அலைந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது எளிது. ராம் என்பது மேசை. வன்தட்டு என்பது அலுமாரி. பார்க்க வேண்டிய கடிதங்களை அலுமாரியில் இருந்து எடுத்து மேசையில் விரிக்கிறோம். மேசை சிறிதாக இருந்தால் ஒன்றை உள்ளே வைத்துவிட்டுத்தான் மற்றதை எடுக்கலாம். ராம் நிரம்பும்போது விண்டோஸும் இதையே செய்கிறது. உடனடியாகத் தேவைப்படாதவற்றை வன்தட்டுக்கு மாற்றி, கேட்கும்போது திருப்பி எடுக்கிறது. அந்தப் போக்குவரத்துத்தான் கணினியை இறுக்குகிறது. மேசையில் ஏற்கெனவே இடம் இருந்தால், அதைப் பெரிதாக்குவதால் எந்தப் பயனும் இல்லை.

எது குறை என்பதைக் காசு செலவழிக்காமலே பார்க்கலாம். கணினியைப் போட்டு பத்து நிமிடம் விடுங்கள். தொடங்கியவுடன் வைரஸ் தடுப்பும் புதுப்பிப்புகளும் ஓடும் என்பதால், அப்போது தெரியும் அளவுகளை நம்பக்கூடாது. பிறகு வழமையாகச் செய்யும் வேலைகளைத் திறந்துவைத்து, கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். வரும் பெட்டியில் 'பெர்ஃபோமன்ஸ்' பகுதிக்குப் போனால் சி.பி.யூ., மெமரி, டிஸ்க் என்ற மூன்றின் விழுக்காடும் தெரியும்.

மெமரி 85, 90 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் ராம் போதவில்லை. 4 ஜி.பி.யை 8 ஆக்கினால் பலன் நன்றாகத் தெரியும். மெமரியில் இடம் இருக்கும்போதே டிஸ்க் 100 இல் நின்றால், குறை வன்தட்டில். சி.பி.யூ. ஓயாமல் 100 இல் நின்றால் செயலி பழையதாக இருக்கலாம், தூசி அடைத்துச் சூடேறலாம், வைரஸும் இருக்கலாம். அதற்கு ராம் மருந்தல்ல.

அந்த அம்மாவின் கணினியில் மெமரி 61, டிஸ்க் 100.

பழைய வன்தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழலும் ஒரு தட்டு. ஒவ்வொரு துண்டுத் தரவையும் தேடி ஊசிமுனை நகரவேண்டும். ஒரு செக்கனில் ஏறக்குறைய நூறு தேடல்களே முடியும். சுழலும் பாகம் எதுவும் இல்லாத எஸ்.எஸ்.டி. ஒரு செக்கனில் பல ஆயிரம் தேடல்களை முடிக்கும். இன்னும் வன்தட்டில் ஓடும் வீட்டுக் கணினிகளுக்கு, பெரும்பாலும் ராமைவிட இந்த மாற்றமே கூடிய பலன் தரும். 2.5 அங்குல சாட்டா வகை எஸ்.எஸ்.டி. பழைய மேசைக் கணினிகள், மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் பொருந்தும். வீட்டுப் பாவனைக்கு 240 ஜி.பி. அளவே போதும்.

ராம்தான் வேண்டும் என்றால் சிலவற்றைக் கவனியுங்கள். டி.டி.ஆர்.3 இருக்கும் இடத்தில் டி.டி.ஆர்.4 பொருந்தாது. மடிக்கணினிக்கான ராம் அளவில் சிறியது. சில மடிக்கணினிகளில் அது பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும், கூட்டவே முடியாது. விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜி.பி.க்கு மேல் போட்டாலும் பயன்படாது. கணினியைக் கடைக்குக் கொண்டுபோய், போட்டு இயங்குவதைப் பார்த்தபின் காசைக் கொடுங்கள்.

இன்னொன்று. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு பொதுவாக நிறுத்தப்பட்டன. ராம் கூட்டினால் விண்டோஸ் 11 போடலாம் என்று யாரும் சொன்னால் உடனே நம்பவேண்டாம். அதற்குப் புதிய தலைமுறைச் செயலியும் டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதியும் வேண்டும். அவை இல்லாத கணினிகளுக்கு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒரு வழி.

எஸ்.எஸ்.டி. வாங்குமுன் அந்த அம்மாவிடம் ஒன்று கேட்டேன்: "இதுக்குள்ள என்னம்மா இருக்கு?"

மூத்த மகனின் படம் இருந்தது. இடப்பெயர்வில் அல்பங்கள் எல்லாம் போனபின், வெளிநாட்டு உறவினர் ஒருவர் தன்னிடம் இருந்ததை ஸ்கான் செய்து அனுப்பிய ஒரே படம். அவரைத் தேடி எழுதிய முறைப்பாடுகள், கிடைத்த பதில் கடிதங்கள் எல்லாவற்றின் பிரதிகளும் அதே கோப்புறையில். வேறெங்கும் பிரதி இல்லை.

வன்தட்டின் நிலையைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். எச்சரிக்கை காட்டியது. அந்தத் தட்டு மெதுவாக மட்டும் இருக்கவில்லை, பழுதாகிக்கொண்டும் இருந்தது. ராமை மட்டும் கூட்டிவிட்டு வந்திருந்தால் அதை யாரும் கவனித்திருக்க மாட்டோம். கணினி திடீரென இறுகுவது, கோப்புகள் திறக்க மறுப்பது, உள்ளே 'டக் டக்' என்ற சத்தம் கேட்பது எல்லாம் இதற்கான அறிகுறிகள். இவற்றைக் கண்டால் முதலில் பிரதி எடுங்கள், வேகத்தைப் பிறகு பார்க்கலாம்.

அன்று பின்னேரம் முழுவதும் பிரதி எடுத்தோம். சில கோப்புகள் இரண்டாம் முறைதான் திறந்தன. ஒரு பிரதி வீட்டில், இன்னொன்று பெறாமகனிடம். பழைய தட்டை அழிக்காமல் எடுத்துவைத்தோம். பெறாமகன் அனுப்பிய காசு எஸ்.எஸ்.டி.க்கே போனது. இப்போது கணினி நாற்பது செக்கனுக்குள் திறக்கிறது. ராம் இன்னும் அதே 4 ஜி.பி.தான்.